கோதுமை கலக்காத கொரியன் சோறு, முட்டையும் இல்லாம: செஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன்

மஞ்சக்குப்பம் அம்மா:
என் பொண்ணுக்கு 14 வயசு. போன வருஷம் சீலியாக்னு (கோதுமை, பார்லியில இருக்கிற குளுட்டன்ங்கிற புரதம் குடலுக்கு ஆகாத நோய்) உறுதியானதுல இருந்து வீட்ல கோதுமை, மைதா, ரவை எதையும் ஏத்தறதில்ல. கொரியன் சீரியல் பார்த்துட்டு பிபிம்பாப் வேணும்னு ரெண்டு மாசமா கேட்டுட்டே இருக்கா. சோறும் காயும்தானேன்னு நானும் சரின்னுட்டேன். அதுக்குப் போடுற சிவப்பு மிளகாய் விழுது, கோச்சுஜாங், ஒரு டப்பா வாங்கிட்டு வந்து பின்னாடி படிச்சா கோதுமைன்னு போட்டிருக்கு. திறக்காம அப்படியே வெச்சிருக்கேன். அந்த விழுது இல்லாம அந்த ருசி வருமா? நாங்க சுத்த சைவம்.

வில்லியனூர்:
அக்கா, சோயா சாஸையும் பாருங்க. அதுலயும் பெரும்பாலும் கோதுமை இருக்கும். தமாரின்னு பெரும்பாலும் கோதுமை சேர்க்காம செய்யற சோயா சாஸ் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க, அதுலயும் கோதுமை இல்லைன்னு எழுதியிருக்கான்னு பார்த்துட்டு.

முத்தியால்பேட்டை:
உங்க பொண்ணு ஆசையா கேட்கிறா, கண்டிப்பா செஞ்சு கொடுங்கம்மா. என் வீட்டுக்காரருக்கும் இதே பிரச்சினைதான், ஆறு வருஷமா சமைக்கிறேன்.

கோச்சுஜாங்ல இனிப்பு வர பார்லி மால்ட் சேர்ப்பாங்க, கடை டப்பாவுல கோதுமையும் சேரும். பார்லியும் நமக்கு ஆகாது. அதனால வீட்லயே அரைச்சிடுங்க. பேடகி மிளகாய் 10, விதையை உதறிட்டு வெந்நீர்ல அரைமணி ஊற வைங்க. அதோட ரெண்டு கரண்டி குழைஞ்ச சோறு, நெல்லிக்காய் அளவு வெல்லம், பூண்டு ரெண்டு பல், தமாரி ரெண்டு ஸ்பூன் போட்டு மையா அரைச்சு, கொஞ்சம் எண்ணெய்ல சுருள வதக்குங்க. கரண்டியில எடுத்தா விழாம ஒட்டி நிக்கணும். பல மாசம் புளிச்ச விழுதோட ஆழம் இதுல வராது, ஆனா சோத்துல பிசைஞ்சா நாக்குக்கு நல்லாவே இருக்கும். மிளகாயை மில்லுக்கு மட்டும் கொடுத்துடாதீங்க. நான் ஒரு தடவை கொடுத்தேன். அதே மிஷின்ல முன்னாடி கோதுமை அரைச்சிருக்காங்க, அவர் மூணு நாள் எழுந்திரிக்கல. அதுல இருந்து எல்லாமே என் மிக்ஸியிலதான்.

சோறு உதிரியா இருக்கக் கூடாது. பச்சரிசியோட ஒரு கைப்பிடி கருப்புக் கவுனியை ராத்திரியே ஊறவெச்சுக் கலந்து வடிக்காம பொங்குங்க. லேசா ஊதா நிறத்துல ஒட்டிக்கிட்டு வரும். கொரியாவுலயும் கருப்பரிசி கலந்து பொங்குறது உண்டு. ஒட்டுதேன்னு பயப்படாதீங்க, அது மாவுச்சத்தோட பிசுபிசுப்பு, குளுட்டன் இல்ல.

காயெல்லாம் தனித்தனியா வதக்குங்க: கேரட், சுரைக்காய் மெல்லிசா, காளான், பசலை, கொதிநீர்ல ஒரு நிமிஷம் போட்டெடுத்த பச்சைப்பயறு முளை. அவங்க ஊர் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளுல எடுத்தது. நம்ம நல்லெண்ணெய்ல அந்த வாசம் இல்ல, அதனால எள்ளை நல்லா வறுத்துப் பொடிச்சுத் தூவிடுங்க. முட்டைக்குப் பதிலா டோஃபு (சோயா பனீர்) பொரிச்சு வெச்சிடலாம்.

மஞ்சக்குப்பம் அம்மா:
ரொம்ப நன்றிங்க. எங்கிட்ட அம்மா கொடுத்த கல்சட்டி இருக்கு. சீரியல்ல கறுப்புக் கல் கிண்ணத்துல கொண்டு வராங்களே, அது மாதிரி பண்ணலாமா?

முத்தியால்பேட்டை:
பழக்கின சட்டியா இருந்தா தாராளமா. புதுசுன்னா கஞ்சித் தண்ணி ஊத்தி சில நாள் பழக்கணும், இல்லேன்னா விரிசல் விட்டுடும். அடியில எண்ணெய் தடவி, சோத்தைப் பரப்பி அமுக்கி, மெல்லிசு தீயில வைங்க. சடசடன்னு சத்தம் வரும், அப்போ காயை அடுக்கி இறக்கிடலாம். அடியில காந்தின சோறுதான் அதுல ருசியே. இன்னொண்ணு, பெருங்காயத்தைக் கிட்ட கொண்டு வராதீங்க. கூட்டுப் பெருங்காயத்துல மைதா கலந்திருக்கும், சாம்பாருக்கும் பார்த்து வாங்குங்க.

மஞ்சக்குப்பம் அம்மா:
ஐயோ, பெருங்காயமா! ஒரு வருஷமா போட்டுட்டிருக்கேன். இப்பவே மாத்திடறேன். கிம்ச்சி, அதான் அவங்க ஊர் புளிக்க வெச்ச கோஸ் ஊறுகாய், அதைக் கேட்டா?

வில்லியனூர்:
கடைக் கிம்ச்சியில மீன் சாஸ், உப்பு இறால் இருக்கும் அக்கா, சைவத்துக்கு ஆகாது. முட்டைக்கோஸை உப்புல பிசிறி, அரிசி மாவு கஞ்சியில மிளகாய்ப்பொடி, இஞ்சி, பூண்டு கலந்து தடவி வெச்சிடுங்க. நம்ம வெயிலுக்கு ஒரு நாள்லயே புளிச்சிடும், அப்புறம் ஃப்ரிட்ஜ்.

மஞ்சக்குப்பம் அம்மா:
ஞாயித்துக்கிழமை செஞ்சேன். கல்சட்டியில கரண்டியைப் போட்டு அடிக்காந்தலைச் சுரண்டிச் சுரண்டி அவளே தின்னா, தங்கச்சிக்குக் கூட கொடுக்கல. வயிறும் ஒண்ணும் பண்ணல. விழுது மீந்திருக்கு, எத்தனை நாள் வெச்சிருக்கலாம்?

முத்தியால்பேட்டை:
ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம். இன்னும் வேணும்னா ஐஸ் டிரேல ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க, ஒரு தடவைக்கு ஒரு கட்டி எடுத்துக்கலாம்.