மறு: பேஸ் ஆம்பில் 'கெய்ன்' குமிழுக்கு 'ஆதாயம்' வேண்டாம், 'வரத்து' எப்படி?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்தேன். நான் கேட்டது சின்ன உதவி. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தேவாலயக் கூடத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு பேஸ் கிட்டார், அதாவது தடித்த தந்திகளில் கீழ்ச்சுரங்களை வாசிக்கும் கிட்டார், சொல்லித் தருகிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு காம்போ, அதாவது ஆம்பும் (ஒலிக்கான மின்சாரத்தைப் பெருக்கும் கருவி) ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வகை. 100 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. அதன் முகப்பில் குமிழ்களுக்கு மேலே ஒட்ட ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். பேச்சு எங்கெங்கோ போய்விட்டது என்றாலும் போன இடமெல்லாம் பயனுள்ளதாகவே இருந்தது.

> கெய்ன் என்றால் பெறுவது. ஆதாயம், ஈட்டம் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே.

இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆதாயம் வியாபாரத்தில் வருவது, ஈட்டம் உழைத்துச் சேர்ப்பது. ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்திருக்கிறோமே தவிர, அந்தக் குமிழ் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவனிடம் "ஆதாயத்தைக் கொஞ்சம் குறை" என்றால் அவன் கை எந்தக் குமிழுக்கும் போகாது.

> இயற்பியலில் 'பெருக்கம்' ஏற்கெனவே இருக்கிறது. புதுச் சொல் எதற்கு?

ஐயா, இது வலுவான கேள்வி. இயற்பியலில் பெருக்கம் அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. உள்ளே வந்த மின்னழுத்தத்துக்கும் வெளியே போகும் மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தைச் சொல்ல அது சரியான சொல். ஆனால் ஆம்பின் முகப்பில் அது இரண்டு குமிழ்களைப் பிரித்துக் காட்டாது. முதலில் இருக்கும் கெய்ன் குமிழும் பெருக்குகிறது, கடைசியில் இருக்கும் மாஸ்டர் குமிழும் பெருக்குகிறது, இடையில் கீழ், நடு, மேல் அதிர்வுகளுக்கென்று இருக்கும் பேஸ், மிட், டிரெபிள் குமிழ்கள்கூடத் தத்தம் பட்டையைப் பெருக்கவோ குறைக்கவோ செய்கின்றன. பெட்டி முழுவதுமே பெருக்கிதான். பிள்ளைகள் தடுமாறுவதும் சரியாக இந்த இடத்தில்தான்: கெய்னும் சத்தத்தைக் கூட்டுகிறது, மாஸ்டரும் கூட்டுகிறது, அப்புறம் எதற்கு இரண்டு?

இந்தக் குழப்பத்துக்கு வரலாறும் ஒரு காரணம். ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தது. அதற்கென்றே 1952-இல் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு பேஸ்மன் என்ற காம்போவையும் விற்றது. அந்தக் கால ஆம்புகளில் கெய்ன் என்று தனியாக ஒரு குமிழ் கிடையாது. 'வால்யூம்' என்று எழுதியிருந்த குமிழ்தான் உண்மையில் பெருக்கலின் முதல் படியான முன்கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கெய்னின் வேலையைப் பார்த்தது. பின்னால் ஒரு மாஸ்டர் குமிழைச் சேர்த்து இரண்டையும் பிரிக்கும் வழக்கம் 1970-களில்தான் பரவியது. ஆக ஆங்கிலத்திலேயே பெயர் வேலைக்குப் பிந்தி வந்தது. நாம் வேலையைப் பார்த்தே பெயர் வைக்கலாம்.

வேலை இதுதான். கிட்டாரிலிருந்து வரும் மின்குறிகை (சிக்னல்) எல்லாக் கிட்டாரிலும் ஒரே அளவு இல்லை. பேட்டரி இல்லாத கிட்டார் மெல்லத் தரும். உள்ளே 9 வோல்ட் பேட்டரி வைத்த கிட்டார் ஓங்கித் தரும். அதனால்தான் பல காம்போக்களில் இரண்டு உள்வாயோ ஓர் அழுத்துவிசையோ வைத்து, பேட்டரிக் கிட்டாரின் குறிகையை 10 அல்லது 15 டெசிபல் குறைத்து வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குமேல் வாசிப்பவரின் விரல் வேறு. ஒருவர் தடவுவார், ஒருவர் அறைவார். இப்படி வருவது எவ்வளவாக இருந்தாலும், அடுத்த கட்டத்துக்குள் எவ்வளவு விடலாம் என்று தீர்மானிக்கும் இடம் கெய்ன். வெளியே எவ்வளவு போகலாம் என்று தீர்மானிக்கும் இடம் மாஸ்டர்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கூடத்தில் கிடந்த செய்தித்தாளில் மேட்டூர் அணைச் செய்தி கண்ணில் பட்டது. நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி. நாம் நாள்தோறும் வாசிக்கும் வரி. காய்கறிச் சந்தையிலும் "தக்காளி வரத்து குறைவு" என்றுதான் பேசுகிறோம். ஆகவே என் முன்மொழிவு: கெய்ன் குமிழுக்கு வரத்து. மாஸ்டருக்குத் தொலைக்காட்சி வழியாக வீடுவீடாகப் பழகிவிட்ட ஒலியளவு போதும்.

"வருவதைக் குமிழ் மாற்றவில்லையே, விகிதத்தைத்தானே மாற்றுகிறது" என்று ஐயா கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மதகும் ஆற்றை மாற்றுவதில்லை. வாய்க்காலுக்குள் வரும் வரத்தை மாற்றுகிறது. வாய்க்கால் பக்கம் நின்று பார்ப்பவருக்கு அது வரத்துதான். முகப்பில் எழுதும் சொல்லுக்கு இந்த அளவு பொருத்தம் போதும் என்று நினைக்கிறேன்.

போன சனிக்கிழமை சோதித்துப் பார்த்தேன். மாஸ்கிங் டேப்பில் வரத்து, ஒலியளவு என்று எழுதி ஒட்டிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன்: "ஒலியளவைக் குறைத்து வை. உன்னால் எவ்வளவு ஓங்கி மீட்ட முடியுமோ அப்படி மீட்டு. வரத்தை மெதுவாகக் கூட்டு. எல்லை மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்கியதும் ஒரு நூல் பின்னால் வா. அப்புறம் ஒலியளவைத் திற." பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி முதல் முறையே செய்தாள். இதே பெண் இரண்டு மாதமாக கெய்னை முழுதாகத் திறந்து மாஸ்டரை மூடி வைத்துக்கொண்டு "ஏன் அண்ணா கரகரங்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள்.

அந்தக் கரகரப்புக்கும் பெயர் வேண்டும். கட்டம் தாங்கும் எல்லைக்கு மேல் குறிகை ஏறினால் அலையின் முகடு தட்டையாகிவிடும். டிரான்சிஸ்டர் கட்டங்களில் கத்தியால் நறுக்கியதுபோல வெட்டுப்படும், வால்வு (பழைய வானொலிகளில் இருந்த கண்ணாடிக் குழாய்) கட்டங்களில் ஓரம் வளைந்து மழுங்கும். முன்னதை முகடு வெட்டு என்றும் பின்னதை முகடு மழுங்கல் என்றும் சொல்லலாம். காதுக்கு இரண்டும் வேறு வேறு. வெட்டினால் வருவது கிழிசல். நம் ஒலிபெருக்கிக்காரர்களே "சவுண்டு கிழியுது" என்றுதானே சொல்கிறார்கள். மழுங்கினால் வருவது உறுமல். அம்பெக் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த 300 வாட் வால்வு ஆம்பான எஸ்.வி.டி.யை ராக் இசைக்காரர்கள் தேடிப் போனது இந்த உறுமலுக்கும் சேர்த்துத்தான். உறுமியில் வளைகுச்சியைத் தேய்க்கும்போது வரும் ஒலியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்.

> பேஸ், மிட், டிரெபிள் மூன்றுக்கும் மெலிவு, சமன், வலிவு என்ற பழந்தமிழ் இசைச் சொற்களே இருக்கின்றன.

இந்த மடலைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். கீழ், நடு, மேல் என்னும் மூன்று தானங்களுக்கு (ஸ்தாயிகளுக்கு) நம் முன்னோர் வைத்த அழகான பெயர்கள். ஆனால் காம்போ முன்னால் நின்று சொல்லிப் பார்த்தால் இடிக்கிறது. இன்றைய தமிழில் மெலிவு என்றால் இளைத்தது, சன்னமானது. பேஸ் குமிழைக் கூட்டினால் ஒலி இளைக்காது, பருக்கும். "ஒலி மெலிந்திருக்கிறது, மெலிவைக் கூட்டு" என்று சொல்ல வேண்டிவரும். வலிவும் அப்படியே. டிரெபிளைக் கூட்டினால் கூர்மை வருமே தவிர வலு வராது. பாடுபவர் ஏறி இறங்கும் தானத்துக்கு வைத்த பெயர்களை ஒரே சுரத்துக்குள் இருக்கும் கீழ், மேல் அதிர்வுகளுக்கு மாற்றுவதில் இந்தச் சிக்கல் வரத்தான் செய்யும்.

நான் நினைப்பது அடி, நடு, நுனி. கரும்புக்கும் மரத்துக்கும் சொல்வது போலத்தான். அடி பருத்திருக்கும், நுனி மெல்லியதாக இருக்கும், பிள்ளைகள் கேட்டவுடன் எது எங்கே என்று கை வைத்துவிடுகிறார்கள். அடிக்கு 'உதை' என்ற பொருளும் உண்டே என்று யாராவது கேட்கலாம். மூன்றும் வரிசையாக இருக்கும்போது குழப்பம் வரவில்லை.

இந்த மூன்றில் நடுதான் பேஸ் வாசிப்பவருக்கு உயிர். ஆனால் எல்லோரும் திருகுவது அடியைத்தான். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ தந்தியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். எங்களுடையதைப் போன்ற சிறிய பெட்டிகள் அந்த ஆழத்தில் பெரிதாக ஒன்றும் ஒலிப்பதில்லை. நம் காது 82, 123 என்று அதன் மடங்குகளைக் கேட்டே கீழே இருக்கும் சுரத்தை உணர்ந்துகொள்கிறது. அடியை முழுதாகத் திருப்பினால் பல ஆம்புகளில் 15 டெசிபல் ஏறும். அந்தப் பட்டையில் மட்டும் ஏறக்குறைய 32 மடங்கு ஆற்றல் கேட்கும். 100 வாட் பெட்டி எங்கே போகும்? கூம்பு முன்னும் பின்னும் தள்ளாடும், கிழிசல் வரும், ஆழம் மட்டும் வராது. எங்களுடைய பழைய காம்போவின் ஸ்பீக்கர் கிழிந்தது இப்படித்தான். அன்றைக்கு அந்தக் குமிழைத் திருப்பியவன் நான்.

நடு என்றால் சுமாராக 250-இலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் வரை. தனியாக வாசிக்கும்போது நடுவைக் குறைத்து, அடியையும் நுனியையும் தூக்கினால் கேட்க இனிமையாக இருக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் அந்த இனிமை போன இடம் தெரியாது. கீழே கிக் டிரம், மேலே சிம்பல், இரண்டுக்கும் நடுவில் பேஸ் இல்லவே இல்லை. அப்போது 500-இலிருந்து 800 வரையுள்ள பகுதியைக் கொஞ்சம் தூக்கினால் ஒவ்வொரு சுரமும் கணீரென்று முன்னே வரும். மிகுந்தால் மூக்கால் பேசுவது போல இருக்கும். 300 பக்கம் மிகுந்தால் குடத்துக்குள் பேசுவது போல இருக்கும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் ஓடுவதைச் சின்ன வானொலிப் பெட்டியிலும் நம்மால் பின்தொடர முடிந்ததே, அந்தப் பெட்டியில் அடி ஏது? நடு இருந்ததால்தான் கேட்டோம்.

> 'டோன்' என்பதற்குத் 'தரம்' அல்லது 'ஒலிவண்ணம்' என்று வைத்துவிட்டால் முடிந்தது.

தரம் என்றால் உயர்வு, தாழ்வு வந்துவிடுகிறது. நாம் பேசுவது நல்லதா கெட்டதா என்பதல்ல, எப்படிப்பட்டது என்பது. வண்ணம் தொல்காப்பியத்திலேயே யாப்பின் ஓசை நடைக்கு உரியதாகிவிட்டது. அங்கே இருபது வண்ணங்கள் சொல்லப்படுகின்றன. தொனி, பேசுபவரின் மனநிலையைக் குறிக்கப் போய்விட்டது. வாசிப்பவர்கள் ஏற்கெனவே சொல்லும் சொல் நாதம். மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில்) ரவையைக் குழைத்து அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்து, மறுபடி தட்டிப் பார்க்கிறாரே, அவர் தேடுவது நாதத்தை. காம்போ முன் குந்தி உட்கார்ந்து குமிழைத் திருகுபவர் தேடுவதும் அதுவே. வடசொல் என்று தயங்குபவர்களின் உணர்வை மதிக்கிறேன். ஆனாலும் புழக்கத்தில் இருக்கும் சொல்லை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை நட எனக்குத் துணிவில்லை.

நாதம் குமிழ்களில் மட்டும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பயிற்சி அறையின் நீளம் 14 அடி. நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் அந்த நீளத்தில் அரை அலையாக அடங்குவது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், அதாவது அதே ஈ தந்தி. சுவரோரம் நிற்பவருக்கு அந்தச் சுரம் கும்மென்று அதிரும், அறையின் நடுவில் நிற்பவருக்குக் காணாமல் போகும். பெட்டியை மூலையில் வைத்தால் அடி தானாகவே ஏறும். இரண்டு அடி முன்னே இழுத்து ஒரு நாற்காலியில் ஏற்றினால் தெளியும், நுனியும் முழங்காலுக்குப் போகாமல் காதுக்கு வரும். நான் பாதி நேரம் குமிழைத் தொடுவதே இல்லை, பெட்டியைத்தான் நகர்த்துகிறேன். வீட்டில் மெல்ல வாசித்துப் பார்த்து வைத்த அளவை அப்படியே மேடையில் வைப்பதும் தவறு. ஒலி குறைவாக இருக்கும்போது நம் காது அடியைக் குறைத்தே கேட்கும் என்பதால் வீட்டில் அடியைக் கூட்டிவிடுவோம். மேடையில் ஓங்கி ஒலிக்கும்போது அது கொழகொழத்துவிடும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். வரத்து, அடி, நடு, நுனி, ஒலியளவு என்று ஐந்து சீட்டும் இப்போது பெட்டியில் ஒட்டியிருக்கின்றன. மாற்றுச் சொல் இருந்தால் வரும் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்குத்தான் நிரந்தரச் சீட்டு அச்சடிக்கப் போகிறோம். 'கான்டூர்' என்று ஒரு குமிழ் மீதி இருக்கிறது. திருப்பத் திருப்ப நடுவைக் குடைந்து எடுத்துவிடும் குமிழ் அது. அதற்கு இப்போதைக்குப் 'பள்ளம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்