ஸ்டார்டியூ வேலி: மூன்றாம் ஆண்டுப் பண்ணை பட்டியலில் காணவில்லை, உதவி தேவை

கோழிக்கூடு:
வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றிரவு வரை நன்றாக இருந்த என் பண்ணை, இன்று காலை ஸ்டார்டியூ வேலி வீடியோ விளையாட்டைத் திறந்தபோது சேமித்த பண்ணைகளின் பட்டியலிலேயே இல்லை. விளையாட்டுக்குள் மூன்றாம் ஆண்டு, இலையுதிர்காலம் 27ஆம் நாள். அன்றிரவுத் திருவிழாவின் புதிர்ப்பாதையில் அலைந்து தங்கப் பூசணியை எடுத்துவந்து, அதைப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுக்கையில் ஏறினேன். சிமுலேஷன் (நிஜ வேலையைப் போலச் செய்துபார்க்கும் விளையாட்டு), ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு) இரண்டையும் தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. அவற்றிலும் இந்தப் பண்ணையைப் போல் வேறெதுவும் மனத்தில் ஒட்டியதில்லை. விளையாட்டை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் பண்ணை திரும்பிவிடுமா?

நீர்த்தெளிப்பான்:
அவசரப்பட்டு எதையும் நீக்க வேண்டாம். நீங்கள் விளையாடுவது கணினியிலா, கைப்பேசியிலா, கன்சோலிலா? பதிப்பு எண் என்ன? மோட், அதாவது விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் துணைநிரல், ஏதேனும் போட்டிருக்கிறீர்களா? இவற்றைச் சொல்லாமல் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

சுரங்கம்120:
நிச்சயமாக மோட்தான் காரணம். 2024 மார்ச்சில் 1.6 பதிப்பு வந்தபோது என் பழைய மோட்களில் பாதி வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

மேகமூட்டம்:
மோட் என்றால் பண்ணை பட்டியலில் தெரியும், திறக்கும்போதுதான் தகராறு செய்யும். இது ஸ்டீம் கடையின் இணையச் சேமிப்பான ஸ்டீம் கிளவுட் செய்த வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. இணையத்தில் இருந்த பிரதி உங்கள் கணினியில் இருந்ததன் மேல் எழுதப்பட்டிருக்கும்.

பழைய பட்டறை:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? ஒரு கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்து வைக்க அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடம் இல்லாதவர்கள் மூன்று ஆண்டுகள் உழுதிருக்கக் கூடாது. தவிர, இதை ஆர்பிஜி என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். இது பண்ணைச் சிமுலேஷன்.

கோழிக்கூடு:
மன்னிக்கவும். விண்டோஸ் கணினி, 1.6 பதிப்பு, மோட் எதுவும் இல்லை. இன்னொன்று: படுத்தபின் சேமிக்கும் திரை வந்தபோதே மின்சாரம் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரி செத்துச் சில மாதங்கள் ஆகின்றன. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ?

நீர்த்தெளிப்பான்:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். விண்டோஸ் எழுத வேண்டியதைச் சற்று நேரம் நினைவகத்தில் வைத்திருந்துவிட்டுத்தான் வட்டுக்கு அனுப்புகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் இந்த விளையாட்டு ஒவ்வொரு இரவும் புதியதை எழுதும்போது முந்தைய நாளின் கோப்பைத் தூக்கி எறிவதில்லை, பெயரின் கடைசியில் 'ஓல்ட்' என்று சேர்த்து அதே கோப்புறையில் வைத்திருக்கிறது.

முதலில் ஸ்டீம் கிளவுடை அணைத்துவிடுங்கள். அந்த அளவுக்கு மேகமூட்டம் சொல்வதிலும் பொருள் உண்டு. பிறகு விண்டோஸின் ஆப்டேட்டா கோப்புறையில் உள்ள ரோமிங் கோப்புறைக்குள் ஸ்டார்டியூவேலி, அதற்குள் சேவ்ஸ் என்று போனால், உங்கள் பெயரும் ஒரு நீண்ட எண்ணும் கொண்ட கோப்புறை இருக்கும். அதை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கோப்புறையின் பெயரிலேயே ஒரு கோப்பும், 'சேவ்கேம்இன்ஃபோ' என்று இன்னொன்றும் இருக்கும். இரண்டையும் நோட்பேடில் திறந்து பாருங்கள். நல்ல கோப்பில் கோண அடைப்புக்குறிகளோடு எழுத்துகள் நெருக்கமாக ஓடும்; கெட்டதில் வெற்றிடம்தான். வெற்றிடமாக இருந்தால் அவற்றை நீக்கிவிட்டு, 'ஓல்ட்' கோப்புகள் இரண்டின் பெயரிலிருந்தும் அந்தச் சொல்லையும் அதற்கு முன்னுள்ள அடிக்கோட்டையும் எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை.

சுரங்கம்120:
சரி, மோட் இல்லை என்றால் நான் சொன்னதை விட்டுவிடலாம். ஆனால் பட்டறை ஐயா சொன்னதை விட முடியாது. விவசாயம், சுரங்கம், சேகரிப்பு, மீன்பிடிப்பு, சண்டை என ஐந்து திறன்கள். ஒவ்வொன்றும் 10 நிலை வரை வளரும், 5இலும் 10இலும் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 120 தளச் சுரங்கத்தில் வாளோடு இறங்குகிறோம். இது ஆர்பிஜி இல்லாமல் வேறென்ன?

பழைய பட்டறை:
எண்கள் ஏறினால் எல்லாம் ஆர்பிஜி ஆகிவிடுமா? ஆர்பிஜி என்றால் என் பாத்திரம் யார் என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். இங்கே என் உழவன் வாய் திறப்பதே அபூர்வம். 1996இல் ஜப்பானில் வந்த ஹார்வெஸ்ட் மூன் என்ற பண்ணை விளையாட்டின் வழியில் எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாளாக உழைத்து 2016இல் வெளியிட்டது இது. விதை, பருவம், மழை என்பதுதான் இதன் எலும்பு.

மேகமூட்டம்:
விளையாட்டில் வரும் ஊரான பெலிகன் டவுனில் யாருக்கு எந்தப் பரிசு பிடிக்கும் என்று மனப்பாடம் செய்து, நட்பைக் காட்டும் இதயங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில் ஒருவரை மணந்துகொள்கிறோமே, அதில் நாம் யார் என்ற முடிவு இல்லையா? இரண்டும் கலந்ததுதான் என்றால் யாருக்கு நட்டம்?

பழைய பட்டறை:
கலந்தது என்பது வாதத்தை முடிக்கத் தெரியாதவர்கள் சொல்வது.

நீர்த்தெளிப்பான்:
கேட்டவரின் பண்ணை இன்னும் கிடைக்கவில்லை என்பதை இருவருக்கும் நினைவூட்டுகிறேன். கோழிக்கூடு, விளையாட்டில் ஒரு நாள் சுமார் 14 நிமிடம். மூன்றாம் ஆண்டு இலையுதிர்காலம் 27 என்றால், பருவத்துக்கு 28 நாள் கணக்கில் 307 நாள்கள், ஏறத்தாழ 70 மணி நேர உழைப்பு. 'ஓல்ட்' திறந்தால் அதில் ஒரு நாள் மட்டும்தான் போகும்.

கோழிக்கூடு:
திறந்துவிட்டது. 27 காலை ஆறு மணி. கனிகள் அப்படியே இருக்கின்றன, பூசணி மட்டும் இல்லை; மறுபடி புதிர்ப்பாதைக்குப் போக வேண்டும். மிக்க நன்றி.

நீர்த்தெளிப்பான்:
மகிழ்ச்சி. இன்றிரவு படுப்பதற்கு முன் யூபிஎஸ் பேட்டரியை மாற்றிவிட்டீர்களா?