சார்த்ர் கதீட்ரலின் நீலம் போனில் வெளுத்துப்போகிறது, உதவி தேவை

பிரான்ஸில் சார்த்ர் நகரில் இருக்கிறேன். இங்குள்ள கதீட்ரலின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் போனில் எடுத்தால், நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடுகிறது. முக்கியமாக வேண்டியது, தென்பக்கம் இருக்கும் 'நீலக் கன்னி' மாதா ஜன்னல். 1194 தீவிபத்தில் தப்பிய 12ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி அது. நேரில் பார்த்தால் அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. அம்மாவுக்கு அந்த நீலத்தை அப்படியே காட்ட ஆசை.

போன் ஆண்ட்ராய்டு 14, மேனுவல் மோடு (அளவுகளை நாமே வைக்கும் வசதி) உண்டு. எச்டிஆரைப் (வெளிச்சப் பகுதியும் இருண்ட பகுதியும் சேர்ந்து தெரியவைக்கும் வசதி) போட்டும் அணைத்தும் பார்த்தேன். ஜன்னலைத் தொட்டு ஃபோகஸ் செய்து வெளிச்சத்தைக் குறைத்தால் நீலம் ஓரளவு வருகிறது, ஆனால் மாதாவைச் சுற்றியுள்ள சிவப்பு கறுத்துவிடுகிறது. நைட் மோடு இன்னும் மோசம். மேகமூட்டமான காலையிலும் இதேதான்.

நாளை மாலை ரயில். மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஷட்டர் வேகம் (ஒளி படும் நேரம்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எவ்வளவு வைக்க வேண்டும்?