உப்பு மாவு அலங்காரப் பொருள்கள் உப்பிப்போகின்றன, பிறகு பிசுபிசுக்கின்றன. எங்கே தவறு?

வண்ணத்தூரிகை:

வணக்கம். மைதா, தூள் உப்பு, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, குக்கீ கட்டரால் நட்சத்திரமும் இலையுமாக வெட்டி, சுவரில் மாட்ட ஒரு சரம் செய்தேன். அளவு: 200 கிராம் மைதா, 100 கிராம் உப்பு. பிஸ்கட்டுக்கு வைப்பதுபோல 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் வைத்தேன். நடுவில் அப்பளம்போல உப்பிவிட்டது, ஓரம் பழுப்பாகிவிட்டது. சில துண்டுகள் வெளியே எடுத்த பத்தாவது நிமிடமே விரிசல் விட்டன. நன்றாக வந்தவற்றுக்கு அக்ரிலிக் பெயின்ட் அடித்து, மேலே வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசினேன். இரண்டே வாரத்தில் தொட்டால் பிசுபிசு என்கிறது, பின்பக்கம் மெத்தென்று ஆகிவிட்டது. எதை மாற்ற வேண்டும்?

மாவுக்கட்டை:

இது வேகவைக்கும் மாவு அல்ல, உலர்த்தும் மாவு. உங்கள் சிக்கலில் பாதி இதில் அடங்கிவிடும். 180 டிகிரியில் மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தோலைத் தூக்கும். அதுதான் அந்த அப்பளம். 100 டிகிரியில் வையுங்கள், 120ஐத் தாண்ட வேண்டாம். 5 மி.மீ. தடிமனுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். பல ஓவன்களில் திருகியில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே இருந்தால் நல்லது.

அடுத்து அளவு. இதற்குச் சொல்லப்படும் 2 பங்கு மாவு, 1 பங்கு உப்பு என்பது கப் கணக்கு, எடைக் கணக்கு அல்ல. ஒரு கப் மைதா 125 கிராம் அளவில்தான் இருக்கும், ஒரு கப் தூள் உப்போ ஏறக்குறைய 280 கிராம். ஆக இரண்டு கப் மைதா 250 கிராம், ஒரு கப் உப்பு 280 கிராம்: எடையில் பார்த்தால் உப்பு மைதாவைவிடக் கொஞ்சம் கூடுதல்! உங்கள் 200 கிராம் மைதாவுக்கு 220 கிராம் உப்பாவது வேண்டும். உப்பு குறைந்தால் மாவுக்கு ரப்பர்போல இழுவை வந்துவிடும். தேய்த்தால் சுருங்கும், சூட்டில் எழும்பும்.

250 கிராம் மைதா, 280 கிராம் உப்புக்கு 180 மி.லி. தண்ணீரில் தொடங்குங்கள். பிறகு கரண்டி கரண்டியாக மட்டும் சேர்க்க வேண்டும். பத்து நிமிடம் விடாமல் பிசைந்தால் முதலில் நறநற என்று கையில் தட்டும் உப்பின் சொரசொரப்பு குறைந்து, மாவு வழவழப்பாகும். உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அதிகம். கல் உப்பு என்றால் மிக்சியில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேற்பரப்பு சொரசொரப்பாகும். பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மாவு இதற்கு ஆகவே ஆகாது.

மூடி அரை மணி நேரம் வைத்துவிட்டு, பேக்கிங் தாளின் மேலேயே தேய்த்து அங்கேயே வெட்டி, சுற்றியுள்ள மாவை மட்டும் உரித்தெடுங்கள். வெட்டிய இலையைக் கையால் தூக்கினால் அப்போதே வளைந்துவிடும். பின்பக்கம் ஊசியால் நாலைந்து இடத்தில் குத்தினால் ஆவிக்கு வழி கிடைக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பிப் போட்டு, தட்டிலிருந்து கம்பி வலைக்கு மாற்றுங்கள். முடிந்ததும் உடனே எடுக்காதீர்கள். அடுப்பை அணைத்து, கதவை விரலளவு திறந்து, உள்ளேயே ஆறவிடுங்கள். பத்தாவது நிமிட விரிசல் திடீர்க் குளிர்ச்சியால் வருவது.

வெயில்முற்றம்:

மேலே சொன்னதோடு ஒன்று: காய்ந்துவிட்டதா என்பதைத் தராசில் பாருங்கள். தடிமனான துண்டு ஒன்றை அரை மணிக்கு ஒருமுறை எடை போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை வந்தால் ஈரம் போய்விட்டது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான்.

பிசுபிசுப்புக்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும், ஆகவே அது காப்பாகாது. அக்ரிலிக் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன் வார்னிஷ் மெல்லிதாக மூன்று பூச்சு கொடுங்கள். முன்பக்கம் காய்ந்தபின் பின்பக்கம், ஓரங்கள், முக்கியமாக நூல் கோக்கும் துளையின் உட்சுவர். பெரும்பாலும் விட்டுப்போவது அந்தத் துளைதான், ஈரம் அங்கிருந்து உள்ளே நுழைந்து சுற்றிலும் பெயின்ட்டைத் தூக்கும். மெல்லிய தூரிகையை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றுங்கள்.

முழுதாகக் காயாததன் மேல் வார்னிஷ் அடிப்பதும் தவறு. உள்ளே சிக்கிய ஈரம் வெளியே வரப் பார்த்துப் பூச்சைக் கொப்புளமாக்கும்.

துளையை ஸ்ட்ராவால் போடுங்கள், தேவைக்குக் கொஞ்சம் பெரிதாகவே. மாவு நெருங்கி வந்து துளை சற்றுச் சிறிதாகும். சாதாரண இரும்புக் கம்பியையோ பேப்பர் கிளிப்பையோ மாவில் பதிக்க வேண்டாம், உப்பு பட்டுத் துருப்பிடித்துப் பழுப்புக் கறை இறங்கும்.

வண்ணத்தூரிகை:

நன்றி. பிசுபிசுத்தவற்றைக் காப்பாற்ற முடியுமா? ஓவன் இல்லாமல் செய்ய வழி உண்டா?

மாவுக்கட்டை:

மெத்தென்று ஆனவற்றில் பசைப் பூச்சையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, 80 டிகிரியில் எடை நிற்கும்வரை மறுபடி உலர்த்துங்கள். பெயின்ட் இருக்கும்போது சூடாக்காதீர்கள், புகை நல்லதல்ல. விரிசலில் அதே மாவைத் தண்ணீர் விட்டுத் தயிர்ப் பதத்தில் குழைத்து அடைத்து, மேலே ஈர விரலால் தடவி உலர்த்தலாம். வடிவமே குழைந்துபோனவற்றை விட்டுவிடுங்கள், உழைப்புக்கு ஈடாகாது.

வெயில்முற்றம்:

ஓவன் இல்லையென்றால் காற்றிலேயே உலர்த்தலாம். 3 மி.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம். கம்பி வலையில் பரப்பி, நாளுக்கு இருமுறை திருப்பிப் போட்டால் வறண்ட வானிலையில் மூன்று, நான்கு நாளில் ஆகிவிடும். மழை நாளில் தொடங்காதீர்கள். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளிருக்கும் தண்ணீர் ஒரேயடியாகக் கொதித்துத் துண்டு வெடிக்கும்.

இலை வடிவம் செய்வதால் ஒரு யோசனை. கட்டருக்குப் பதில் நிஜ இலையை, நரம்பு புடைத்திருக்கும் பின்பக்கம் மாவில் படும்படி வைத்து, உருட்டுக்கட்டையை ஒரே ஒருமுறை அழுத்தி ஓட்டுங்கள். இரண்டாம் முறை ஓட்டினால் நரம்பு இரட்டையாகப் பதியும். காம்பைப் பிடித்து மெதுவாக உரித்து, இலையின் ஓரத்தை ஒட்டிக் கத்தியால் வெட்டுங்கள். உலர்ந்தபின் பெயின்ட்டைப் பூசி உடனே ஈரத்துணியால் துடைத்தால் நரம்புக் குழிகளில் மட்டும் நிறம் நிற்கும். துணியை நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள், தண்ணீர் சொட்டினால் உப்பு கரைந்து மேற்பரப்பு குழையும்.

வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். இவ்வளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்து.