ரலி தொடரில் காந்தம்: கழற்றுவதா, விடுவதா?

மாங்குளத்தான்

ஸ்லொட் கார் என்றால் ட்ராக்கில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்துக் கரண்டில் ஓடும் சின்னக் கார்; வேகத்தைக் கையிலுள்ள கொன்ட்ரோலரால் கூட்டிக் குறைப்போம். நம் கழகம் தொடங்கப்போகும் ஸ்லொட் கார் ரலி தொடர் பற்றி நேற்று பரந்தன் புழுதி ஒரு கதை எழுதியிருந்தார். "கார் பெட்டியில் எப்படி வந்ததோ அப்படியே ஓடலாம், காந்தத்தைக் கழற்றச் சொல்வது பழைய ஆட்களின் வீம்பு" என்று. வாசித்த நேரத்திலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

தம்பி, ரலி என்றால் கார் வழுக்க வேண்டும். வளைவில் பின்பக்கம் வெளியே போகும், கொன்ட்ரோலரில் விரலைக் கொஞ்சம் தளர்த்துவோம், திரும்பப் பிடிப்போம். அதுதான் ஓட்டம். காந்தம் உள்ள காரில் இது எங்கே நடக்கிறது? பின் அச்சுக்குக் கிட்ட, அடித்தட்டில் அந்தச் சின்னக் கட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் ட்ராக்கில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாதி வளைவுகளில் விரலை எடுக்கவே தேவையில்லை. பிடி விட்டால் ஒரேயடியாக விடும், கார் மேசைக்குக் கீழே போய் விழும். ஒட்டிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் பறக்கும். நடுவில் ஓட்டுநருக்கு ஒரு வேலையும் இல்லை.

நாங்கள் ஸ்டேஜ்களுக்கு, அதாவது ரலியில் தனித்தனியாக நேரம் எடுக்கும் ட்ராக்குகளுக்கு, முறிகண்டி, ஒட்டுசுட்டான், இரணைமடு, பூநகரி என்று வன்னி இடங்களின் பெயரை வைத்திருக்கிறோம். மழைக்குப் பிறகு ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் றோட்டில் மோட்டார் சைக்கிள் ஓடியவருக்குத் தெரியும், அங்கே எந்தக் காந்தமும் வந்து பிடிக்காது. என் நிலைப்பாடு ஒன்றுதான். எல்லாக் காரிலும் காந்தம் கழற்ற வேண்டும்.

பரந்தன் புழுதி

வீம்பு என்றுதான் எழுதினேன் அண்ணை. இன்றைக்கும் அதையே எழுதுகிறேன்.

புதிதாக வரும் பொடியளை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து மாமா வரும்போது ஒரு கார் கொண்டுவருகிறார். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே "காந்தத்தைக் கழற்று, டயரைச் சாண்ட் பேப்பரில் தேய், ஈயம் ஒட்டு, பிறகு வா" என்று சொன்னால் அவன் ஏன் வருவான்? காந்தம் இல்லாத புதுக்கார் வளைவுக்கு வளைவு வெளியே போகும். ரெண்டு சனிக்கிழமை பார்ப்பான், மூன்றாவது சனிக்கிழமை கிரிக்கெட் விளையாடப் போய்விடுவான்.

காந்தம் களவு இல்லை. 1970களிலேயே அமெரிக்காவின் ஓரோரா கம்பனி தன் சின்னக் கார்களில் அதைக் கொண்டுவந்தது. பிறகு பிரித்தானியாவின் ஸ்லொட் கார் கம்பனி ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கும் அதே வழிக்கு வந்தது. கார் செய்கிறவனே வைத்து அனுப்பும் சாமானைக் கழற்றச் சொல்ல நாங்கள் யார்?

மாங்குளத்தான்

ஓரோராவை இங்கே இழுக்க வேண்டாம். அது உள்ளங்கைக்குள் அடங்கும் கார். நாங்கள் ஓட்டுவது 1:32, உண்மைக் காரில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு நீளம். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் 1957இல் தகரக் காரோடு வந்தபோது காந்தம் வைத்தா ஓடினார்கள்? அப்போது ஓடியவர்களுக்குக் கை இருந்தது.

பொடியள் வரமாட்டார்கள் என்கிறீர். என் மருமகன் காந்தம் இல்லாமல்தான் பழகினான். முதலில் விழுந்தான், இன்றைக்கு உம்மைவிட வேகம். காந்தத்தோடு பழகியவன் ஒருநாளும் விரலைப் பழக்கமாட்டான்.

குளக்கட்டு

சண்டைக்கு நடுவே ஒன்றிரண்டு கேள்வி கேட்கலாமா? முதலில் "ரலி" என்று எதைச் சொல்கிறோம் என்று எழுதிவைப்போம். ஸ்டேஜ் நேரங்களைக் கூட்டி மொத்தம் குறைந்தவருக்கு வெற்றியா, ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் புள்ளியா? கார் தடம் விட்டால் மணிக்கூடு ஓடிக்கொண்டிருப்பது மட்டும் போதுமா, மேலே தண்டனை வினாடியும் சேர்க்கிறோமா? இதை முடிக்காமல் எந்தக் காரைப் பற்றிப் பேசியும் பயன் இல்லை.

அடுத்தது கரண்ட். சாதாரண ரேஸில் எல்லாக் காரும் ஒரே நேரத்தில் ஓடும், கரண்ட் குறைந்தால் எல்லாருக்கும் குறையும். ரலியில் ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். மண்டபத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் கடை. அவர் கேற் ஒட்டும் நேரத்தில் ட்ராக்குக்குக் கரண்ட் கொடுக்கும் நம் பழைய பவர் பக்கில் வோல்ட் இறங்குகிறது, மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த நேரத்தில் ஓடுகிறவர் சும்மாவே பின்னுக்குப் போவார். வோல்ட்டை நிலையாக வைக்கும் பவர் சப்ளை ஒன்று வாங்காமல் தொடரை நடத்தக் கூடாது.

இன்னொன்று. நமக்கு இருக்கும் ஸ்டேஜ்களில் பாதி எம்டிஎஃப் என்ற மரத்தூள் பலகையில் வெட்டிச் செப்பு நாடா ஒட்டியவை. செப்பைக் காந்தம் இழுக்காது. அங்கே காந்தம் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

மாங்குளத்தான்

குளக்கட்டு சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்! செப்பில் காந்தம் பிடிக்காது. அப்படியென்றால் காந்தக்காரர்கள் பிளாஸ்டிக் ஸ்டேஜில் சேர்த்த வினாடியை வைத்துக்கொண்டுதான் மொத்த நேரத்தில் மேலே நிற்பார்கள். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். கழற்ற வேண்டும்.

பரந்தன் புழுதி

அதே குளக்கட்டு சொன்னதைத்தான் நானும் பிடிக்கிறேன். பாதி ஸ்டேஜில் காந்தம் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான் என்றால் கழற்றச் சொல்லி ஏன் இந்த ஆர்ப்பாட்டம்? உங்களுக்கு வெல்லத் தெரிந்தால் பலகையில் வென்று காட்டுங்கள்.

ஓமந்தை ஓட்டி

இந்தக் காந்தக் கதைக்கு நானும் சொந்தக்காரன். போன முறை கடைசி ஸ்டேஜ் முடிந்து நேரம் எழுதி, எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் காரைக் கவிழ்த்துப் பார்த்து "காந்தம் இருக்கிறது, நேரம் செல்லாது" என்றார்கள். விதித் தாளில் அப்படி ஒரு வரி இருந்ததா? இல்லை. ஓடி முடிந்த பிறகு விதி கண்டுபிடிக்கும் வேலை அது.

1966 மொன்டே கார்லோ ரலியில் மினி கார்கள் முதல் மூன்று இடத்தையும் பிடித்தன. பிறகு தலைவிளக்கு பல்ப் சரியில்லை என்று சொல்லி மூன்றையும் தூக்கிவிட்டுச் சிட்ரோயனுக்கு வெற்றி கொடுத்தார்கள். இன்றுவரை அந்தச் சிட்ரோயன் வெற்றியை மதிக்கிறவர் குறைவு. எனக்கு நடந்ததும் அதுதான்.

மாங்குளத்தான்

நீர் உம்மை மினியோடு ஒப்பிடுவதைப் பார்த்தால் வலிக்கிறது. மினி 1964, 1965 இரண்டிலும் வென்றது, 1966இல் தூக்கினார்கள், 1967இல் திரும்ப வந்து விளக்கையும் சரியாகப் போட்டுக்கொண்டு வென்றது. நீரும் அப்படி வாரும். காந்தத்தைக் கழற்றிவிட்டு வந்து வென்று காட்டும்.

தாளில் வரி இல்லை என்கிறீர். தொடங்க முன்னர் நான் எல்லாருக்கும் வாயால் சொன்னேன். நீர் அப்போது வெளியே நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தீர்.

முல்லைக் கரை

ஓமந்தை ஓட்டி காரை நானும் பார்த்தேன். காந்தம் பெட்டியில் வந்தபோது இருந்த இடத்தில் இல்லை. ஈயத் தகட்டுக்கு மேலே வைத்துக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பெட்டியில் வந்தபடி ஓடினேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

ஈயம் பற்றி ஒரு கதை. நாங்கள் கரையில் வலைக்குக் கட்டும் ஈயத்தைச் சுத்தியலால் தட்டி மெல்லிய தகடாக்கி, அடித்தட்டில் நீளவாக்கில் ஒட்டுகிறோம். அச்சுகளுக்கு நடுவில், முடிந்தளவு கீழே. கூடிப்போனால் வளைவில் பாரமே காரை வெளியே தள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பார்க்க வேண்டும். பிறகு டயர். சோளகம் வீசும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் செம்மண் புழுதி ட்ராக்கில் படியும். ஓட முன்னர் மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தில் பின் டயரை உருட்டினால் டேப் சிவந்து வரும், டயர் திரும்பப் பிடிக்கும். இதையெல்லாம் செய்தால் காந்தம் தேவைப்படாது. செய்யச் சோம்பல்பட்டால் தேவைப்படும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. காரை இரும்புத் தண்டின்மேல் வைத்து, காந்தம் எத்தனை கிராம் இழுக்கிறது என்று அளக்கலாம். ஒரு எல்லை வைத்தால் போதும்.

மாங்குளத்தான்

எல்லை கில்லை ஒன்றும் வேண்டாம். அளக்கத் தொடங்கினால் அளக்கிறவரோடு சண்டை வரும். காந்தம் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான்.

ஓமந்தை ஓட்டி

முல்லைக் கரை, என் காரைத் தொட உமக்கு யார் அனுமதி தந்தது? டேப் ஒட்டியது ஈயம் விழாமல் இருக்க. அதோடு அன்றைக்கு ஒட்டுசுட்டான் ஸ்டேஜில் விழுந்த காரைத் தூக்கி வைக்க நின்றவர் யார்? உமது தம்பி. உங்கள் பக்கத்துக் கார் விழுந்தால் பாய்ந்து எடுத்து வைக்கிறார். என் கார் விழுந்தால் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு நடந்து வருகிறார். மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த வினாடிகளை யார் கணக்கில் எடுத்தார்கள்?

இன்னும் ஒன்று. "வன்னி ரலி தொடர்" என்று பெயர். ஸ்டேஜ் பெயரில் ஓமந்தை இல்லை, நெடுங்கேணி இல்லை. மண்டபம் கிளிநொச்சியில். வவுனியாவிலிருந்து கார்ப் பெட்டியையும் சுமந்துகொண்டு பஸ்ஸில் வருகிறவர்கள் நாங்கள். வருகிற இடத்தில் காரைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள்.

பரந்தன் புழுதி

காந்த விடயத்தில் நான் ஓமந்தை ஓட்டியின் பக்கம். ஆனால் கிளிநொச்சியில் வைப்பது பிழை என்றால் ஒத்துக்கொள்ளமாட்டேன். வன்னியின் நடு இது. வவுனியா ஆட்களுக்கு அனுராதபுரம்தான் கிட்ட.

ஓமந்தை ஓட்டி

நடுவா? தேர்தல் மாவட்டத்தை எடுத்துப் பாரும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு. 1984 வரைக்கும் நீங்கள் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருந்தீர்கள். வன்னி எது என்று வவுனியாக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பரந்தன் புழுதி

வாக்குப் பெட்டியை வைத்தா வன்னியை அளக்கிறது? இரணைமடுத் தண்ணீரில் விதைக்கிறவன் வன்னியான் இல்லை என்றால் வேறு யார்? எங்கள் அப்பு காட்டை வெட்டிக் கழனியாக்கிய இடம் இது. இதைச் சொன்னதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மாங்குளத்தான்

மாங்குளம் முல்லைத்தீவு மாவட்டம், ஏ9 றோட்டிலும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் பொது இடம் வேண்டுமென்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள். ஆனால் காந்தத்தோடு வர வேண்டாம்.

விழுந்த காரைத் தூக்கி வைப்பது பற்றிக் கேட்டார். காந்தத்தை நம்பி விரலை அழுத்துகிறவன் கார் வளைவில் தெறித்துச் சுவருக்குப் போகும், எடுத்துவர நேரம் எடுக்கும். காந்தம் இல்லாத கார் பெரும்பாலும் ட்ராக் ஓரத்திலேயே கிடக்கும், உடனே வைக்கலாம். முல்லைக் கரையின் தம்பியைக் குறை சொல்ல முன்னர் இதை யோசியும்.

முல்லைக் கரை

என் தம்பி வெயிலுக்குள் சைக்கிளில் வந்து, காசு வாங்காமல், நாள் முழுக்க நின்று கார் தூக்கியவன். இனி வரமாட்டான். ஓமந்தை ஓட்டியே நின்று தூக்கட்டும்.

குளக்கட்டு

பவர் சப்ளைக்குக் காசு சேர்ப்பது பற்றி யாராவது சொல்கிறீர்களா? வாங்கும்போதே வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கக் கூடியதாக வாங்குவோம். காந்தம் இல்லாத காருக்கு 14 வோல்ட் அதிகம். 10, 11க்கு இறக்கினால் புதுப் பொடியன்கூட ஓட்டுவான். பரந்தன் புழுதி பயப்படுகிற பிரச்சினை பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பரந்தன் புழுதி

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. வோல்ட்டைக் குறைத்தால் காந்தக் கார் நகரவே சிரமப்படும். அதுவும் எங்களை மடக்கும் வழிதானே.

மாங்குளத்தான்

பாருங்கள், தன் வாயாலேயே சொல்கிறார். காந்தம் காரை இழுத்துப் பிடிக்கிறது, மோட்டருக்குச் சுமை. அப்போ ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறீர்? கழற்றும்.

இதையும் எழுதிவைக்கிறேன். பலகை ஸ்டேஜ்கள் என் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் இருக்கின்றன. வெட்டியது நான், செப்பு நாடா ஒட்டியது நான், ஒவ்வொரு மாரியிலும் பலகை ஊதாமல் பொலித்தீன் சுற்றி வைப்பதும் நான். காந்தம் உள்ள காரை அதில் வைக்க விடமாட்டேன்.

ஓமந்தை ஓட்டி

செப்பில் பிடிக்காத காந்தத்துக்குப் பலகையில் தடையா? நியாயம் நல்லாயிருக்கிறது. நான் கட்டிய சேர்வுக் காசைத் திருப்பித் தாருங்கள். எங்கள் பக்கத்தில் நாங்கள் தனியாக நடத்துகிறோம், பெயரும் "வன்னி ரலி" என்றே வைப்போம்.

மாங்குளத்தான்

காசுக் கணக்கைப் பொருளாளரிடம் கேளும். பெயரைக் கொண்டுபோக விடமாட்டோம். இங்கே பேச்சு காந்தம் பற்றி.

பரந்தன் புழுதி

பலகை உங்கள் வீட்டில் என்றால், பிளாஸ்டிக் ட்ராக் பெட்டிகள் எங்கள் வீட்டில். கொன்ட்ரோலர், பவர் பக் எல்லாம் சேர்த்து. காந்தத்துக்கு அனுமதி எழுத்தில் வந்தால் சனிக்கிழமை ஓட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன். வராவிட்டால் பெட்டி இங்கேயே இருக்கும்.

மாங்குளத்தான்

எழுத்தில் கேட்கிறீரா? இதோ எழுத்தில்: காந்தம் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை நானே லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து பெட்டிகளை ஏற்றுகிறேன். அவை கழகத்தின் சொத்து.

பரந்தன் புழுதி

வாருங்கள் அண்ணை. கேற் பூட்டியிருக்கும்.