பழைய காமிக்ஸ் வாங்கும்முன் எதைப் பார்க்கிறீர்கள்? ஏமாந்த கதைகளையும் சொல்லுங்கள்

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், கேள்வி கடைசியில்.

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட, 1974 நவம்பர் தேதியிட்ட 'இன்கிரெடிபிள் ஹல்க்' காமிக்ஸின் 181ஆம் இதழ். வுல்வரின் என்ற சூப்பர்ஹீரோ முழுசாக வரும் முதல் இதழ் என்பதால் எந்த நிலையில் இருந்தாலும் அதற்குக் கிராக்கிதான். பல வருடம் தேடி ஒருவழியாக ஒரு பிரதி அகப்பட்டது. விற்பவர் ஆறு படங்கள் அனுப்பினார். முன்னட்டை, பின்னட்டை, நான்கு மூலைகள். மூலைகள் மழுங்கவில்லை, முதுகில், அதாவது மடிப்போரத்தில், இரண்டே இரண்டு சின்னக் கோடுகள், நிறம் மங்கவே இல்லை. அன்றிரவே பணம் அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்ததும் உறையிலிருந்து மெதுவாக எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். வாசகர் கடிதப் பக்கம் வந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. கத்தரிக்கோலால் நறுவிசாக வெட்டியது.

அந்த வருடம் மார்வெல் தன் இதழ்களின் கடிதப் பக்கத்தில் 'வேல்யூ ஸ்டாம்ப்' என்று ஒரு சின்னப் படத்தை அச்சிடத் தொடங்கியது. மொத்தம் 100 படங்கள், ஒட்டுவதற்கென்றே தனிப் புத்தகம். வெட்டி ஒட்டுங்கள் என்று அவர்களே சொன்னார்கள், பிள்ளைகள் சமர்த்தாக வெட்டி ஒட்டினார்கள். என் பிரதியை வைத்திருந்த பிள்ளை ரொம்பவே சமர்த்து. விற்பவரிடம் கேட்டதற்கு "உள்பக்கங்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லையே" என்றார். உண்மைதான், கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை, அட்டையைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

நீங்கள் எதை முதலில் பார்ப்பீர்கள்? எங்கே கோட்டை விட்டீர்கள்?

* * *

அண்ணா, அந்த இதழில் ஸ்டாம்ப் இருக்கிறதா என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறேன், மன்னிக்கவும்.

எனக்கு நடந்தது நடுத்தாள் விவகாரம். அந்தக் காலத்து இதழ் பெரும்பாலும் உள்ளே 32 பக்கம், அதாவது மடித்த தாள் எட்டு. தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிப் பின்னிலிருந்து நடுத்தாள் கழன்று விழுந்தால் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நான்கு பக்கம் போகும், கதையே துண்டுபடும், படித்தால் தெரிந்துவிடும். அதையும் நான் வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் படித்தேன்! இப்போதெல்லாம் புத்தகத்தை மேசையில் வைத்து, மேல் ஓரத்தைப் பார்த்தபடியே தாள்களை எண்ணிவிடுகிறேன். அரை நிமிட வேலை. நேரில் பார்க்க முடியாவிட்டால் நடுத்தாளை விரித்து, இரண்டு பின்னும் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்பேன். அந்த ஒரு படத்தில் பின், துரு, தாளின் நிறம், நடுத்தாளின் பிடிப்பு எல்லாமே வந்துவிடும். தர மறுத்தால் நானும் வாங்க மறுத்துவிடுவேன்.

இன்னொன்று. விளம்பரப் பக்கங்களில் வெட்டி அனுப்பும் கூப்பன்கள் இருக்கும். அதை வெட்டினால் பின்பக்கத்தில் இருக்கிற கதையின் ஒரு கட்டமும் சேர்ந்து போகலாம். ஸ்டாம்பை மட்டும் தேடி இதை விட்டுவிடாதீர்கள்.

* * *

பின்னைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பின் பைத்தியம் என்று எங்கள் வட்டத்தில் பெயர்.

பழைய காமிக்ஸின் ஆயுள் அந்த இரண்டு கம்பித்துண்டில்தான் இருக்கிறது. ஈரக் காற்று பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியோடு நிற்பதில்லை, தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகப் பரவும். கறை ஏறிய இடத்தில் தாள் வலுவிழந்து, ஒரு நாள் அட்டை பின்னை விட்டுக் கழன்றுவிடும். அதனால் நான் பின்னின் வெளிப்பக்கத்தைப் பார்ப்பதோடு விடுவதில்லை, நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் இரண்டு கால்களையும் பார்ப்பேன். துரு முதலில் ஒளிந்திருப்பது அங்கேதான்.

ஒரு தடவை ஒருவர் கொண்டுவந்த 1960களின் இதழில் பின் பளிச்சென்று வெள்ளிபோல் மின்னியது. தாள் தேனீர் நிறம், பின் மட்டும் புத்தம் புதுசு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பக்கத்திலேயே பழைய துளைகள் இரண்டு, சுற்றிலும் மெல்லிய துருநிழல். யாரோ பழைய பின்னை எடுத்துவிட்டுப் புதுசு அடித்திருக்கிறார்கள். பின்னை மாற்றியதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அதே நேரத்தில் வேறு பிரதியின் தாளையோ அட்டையையோ இதில் சேர்த்திருக்கிறார்களா என்ற சந்தேகம்தான். உள்ளே பார்த்தால் நடுத்தாள் மற்ற தாள்களைவிட ஒரு படி வெளுப்பு, அளவும் ஒரு மயிரிழை பெரிது. இரண்டு புத்தகத்தைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். கொண்டுவந்தவருக்கே அது தெரியாது, பாவம், முகம் வாடிப்போயிற்று.

அப்புறம் மூக்கு. சிரிக்காதீர்கள். பழைய தாளுக்கென்று ஒரு வாசனை உண்டு, அது எனக்குப் பிடிக்கும். பூஞ்சண வாடை வேறு. அது அடித்தால் தள்ளி வைத்துவிடுங்கள், ஒரு பெட்டியில் போட்டால் மற்றப் புத்தகங்களுக்கும் ஏறிவிடும். ராமபாணப் பூச்சி அரித்த அட்டையில் மேல்பூச்சு மட்டும் சுரண்டினது மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்தால் பூச்சி இன்னும் உள்ளேயே குடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

* * *

உறையின் அடியைப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லையே.

ஒரு கண்காட்சியில் 1940களின் இதழ் ஒன்று. அட்டை பார்க்க அவ்வளவு அழகு. வாங்கி, வீட்டில் மடியில் வைத்துத் திறந்தேன். தாளின் ஓரங்கள் பழுப்புச் சருகு மாதிரி உதிர்ந்து மடியெல்லாம் கொட்டியது. அந்தக் காலத்து நியூஸ்பிரிண்டை மரத்தை அரைத்த கூழில் செய்தார்கள். அதில் இருக்கும் லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுத்து, தாளில் அமிலம் ஏறி, கடைசியில் தாள் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். வெள்ளை, இளம் பழுப்பு, அடர் பழுப்பு எதுவானாலும் பரவாயில்லை. நொறுங்க ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்தபிறகு உறையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்குத் துகள். கண்காட்சியிலேயே என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

* * *

எனக்கு மார்க்கர் பேனாவோடு ஒரு கதை இருக்கிறது.

கறுப்பு அட்டை இதழ்களில் சின்ன மடிப்பு விழுந்தால்கூட வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். முதுகு ஓரத்தில் வரிசையாக விழுகிற அந்தக் கோடுகளில் நிறம் உடைந்திருக்கிறதா, வெறும் அழுத்தம்தானா என்பதைப் பொறுத்துத்தான் கிரேடு, அதாவது பிரதியின் நிலைக்குத் தரும் மதிப்பெண், ஏறும், இறங்கும். நான் பார்த்த பிரதியின் முதுகில் ஒரு கோடுகூட இல்லை. எனக்கு அதுவே உறுத்தியது. மூலைகள் மழுங்கி, பின்னட்டையில் கறை இருக்கும்போது முதுகு மட்டும் எப்படிக் கன்னி கழியாமல் இருக்கும்?

அட்டையைத் திறந்து உள்புறத்தைப் பார்த்தேன். முதுகை ஒட்டி ஊதா நிறத்தில் பொட்டுப் பொட்டாக மை கசிந்திருந்தது. வெள்ளைக் கோடுகளை யாரோ மார்க்கரால் மறைத்திருக்கிறார்கள். இப்போது சின்ன புற ஊதா டார்ச் ஒன்று பையில் வைத்திருக்கிறேன். பிற்காலத்தில் தீட்டிய மையும் ஒட்டுப் போட்ட புதுத் தாளும் அந்த வெளிச்சத்தில் பழைய அச்சு மாதிரி இருக்காது, தனியாகத் தெரிந்துவிடும். ஆனால் டார்ச் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அட்டையின் உள்புறத்தைப் பாருங்கள், அங்கே யாரும் ஒப்பனை போடுவதில்லை. சாதாரண விளக்கையே பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மேடுபள்ளம், நகக்கீறல், அழுத்தி எழுதிய எழுத்தின் தடம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

* * *

மேலே எழுதிய தோழி சொன்ன "மற்றது பழசு, இது மட்டும் எப்படிப் புதுசு" என்ற கேள்விதான் என்னையும் ஒரு முறை காப்பாற்றியது. என் விஷயத்தில் அது வலது ஓரம். மூலைகள் மழுங்கலாக இருக்க வேண்டிய வயசு, ஓரமோ பிளேடால் சீவினது மாதிரி. ஸ்கேல் வைத்தேன். அந்தக் காலகட்டத்து இதழ் சுமார் 6.6 அங்குல அகலம், 10.2 அங்குல உயரம் இருக்க வேண்டும். அகலத்தில் நன்றாகவே குறைந்தது. கிழிசலை மறைக்க ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

அச்சகத்திலேயே அளவு முன்பின்னாக வருவது உண்டு, அதனால் ஸ்கேலை மட்டும் நம்பி யாரையும் திருடன் என்று சொல்லிவிட வேண்டாம். அதே தொடரில் முந்தைய, அடுத்த இதழ்களோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன், அதற்குப் பிறகுதான் வேண்டாம் என்றேன்.

* * *

நான் விற்பவன். இரண்டு வார்த்தை.

"குட்" என்று எழுதினால் நல்ல நிலை என்று நினைத்துக்கொண்டு வாங்கி, அப்புறம் சண்டைக்கு வருகிறார்கள். 10 வரைக்கும் போகிற அளவில் குட் என்பது 2. வெரி குட் 4, ஃபைன் 6, வெரி ஃபைன் 8, நியர் மின்ட் 9.4. குட் என்றால் முழுசாக இருக்கிறது, ஆனால் நன்றாக அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பெயர்களை நான் வைக்கவில்லை! ஆனால் சொல்லை விட எண்ணைக் கேளுங்கள், எண்ணை விடப் படத்தைக் கேளுங்கள். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை, கேட்காமல் வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்கள் மேல்தான் வரும்.

* * *

அதற்குத்தான் கிரேடு செய்து சீல் வைத்த பெட்டியில் வாங்கிவிடுங்கள் என்று யாராவது சொல்வீர்கள். காமிக்ஸைச் சோதித்துக் கிரேடு தரும் சிஜிசி நிறுவனம் 2000இல் தொடங்கியதிலிருந்து பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நானும் செய்தேன். 9.2, ஊதா லேபிள். எல்லாம் நீலமாக இருக்க, இது மட்டும் ஊதாவாக இருந்ததால் ஏதோ விசேஷப் பதிப்பு என்று நினைத்தேன். விலையும் மலிவாக இருந்தது, அப்போதாவது சுதாரித்திருக்க வேண்டும். ஊதா என்றால் சீர்செய்த பிரதி. நிறம் தீட்டியது, தாள் ஒட்டியது எல்லாம் லேபிளிலேயே எழுதியிருந்தது. பச்சை என்றால் ஏதோ ஒரு குறையைத் தனியே குறிப்பிட்டுத் தந்த கிரேடு, ஸ்டாம்ப் வெட்டிய ஹல்க் 181 அந்தப் பச்சையில் நிறைய வரும். அண்ணனுக்குத் தகவலுக்காக.

என்னைக் கேட்டால் சீல் வைத்த பெட்டியையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும். ஓரத்தில் நெம்பிய தடம் இருக்கிறதா, லேபிளில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று. உள்பக்கம் பார்க்க முடியாது என்பது எனக்கு இன்னும் மனசுக்கு ஒட்டவில்லை.

* * *

பெரியவர் ஒருவர் தன்னிடம் 1938இன் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் இருப்பதாகச் சொல்லி என்னை அழைத்துப்போனார். சூப்பர்மேன் பிறந்த இதழ்! கை நடுங்கத் திறந்து காட்டினார். தேதி 1938 ஜூன், விளம்பரங்கள்கூட அக்காலத்தவை. ஆனால் புத்தகம் 13 அங்குலத்துக்கு மேல் உயரம். 1974இல் டிசி நிறுவனமே பெரிய அளவில் அப்படியே மறுபதிப்புச் செய்தது. மறுபதிப்பு என்று சொல்கிற வெளியட்டை தனியாக இருந்தது, அதைக் கழற்றிவிட்டால் உள்ளே அச்சு அசல். அசல் 10.5 அங்குலத்தைத் தாண்டாது.

அவர் யாரிடமோ அசல் என்று நம்பி வாங்கியிருக்கிறார். சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்து, கடைசியில் சொன்னேன். "தெரியும் தம்பி, இன்னொருத்தரும் இதையேதான் சொன்னார்" என்றார்.

* * *

ஆரம்பித்தவன் திரும்ப வந்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி, பச்சை லேபிள்காரருக்குத் தனி நன்றி.

சென்ற வாரம் அதே இதழின் இன்னொரு பிரதியைப் பார்க்கப் போனேன். இம்முறை அட்டையை முதலில் பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு, புத்தகத்தைக் கவிழ்த்து வாங்கினேன். உறையின் அடி சுத்தம். தாள் எட்டு. பின்னின் கால்களில் லேசான துரு, கறை இல்லை. அட்டையின் உள்புறத்தில் மைப்பொட்டு இல்லை. கடிதப் பக்கத்தில் ஸ்டாம்ப் இருந்தது. அப்புறம்தான் முன்னட்டையைத் திருப்பினேன். குறுக்கே ஒரு பெரிய மடிப்பு, மூலையில் யாரோ பேனாவால் எழுதிய பெயர், முதுகில் எண்ணவே முடியாத கோடுகள். எண் சொல்லச் சொன்னால் 3 சொல்வேன்.

வாங்கிவிட்டேன். விற்றவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் பழைய பிரதியின் அட்டையை எடுத்து இதில் போட்டால் ஜம்மென்று இருக்கும்" என்றார். ஒரு நிமிடம் ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. பின் பைத்தியம் இங்கே எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டும் தனித்தனி உறையில் இருக்கின்றன. ஓட்டை உள்ள பிரதியின் உறைமேல் "கடிதப் பக்கம் பார்க்கவும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், நாளைக்கு யாராவது என்னிடமிருந்து வாங்கினால் கேட்க மறந்துவிடலாம்.