ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் சாப்பிடப் போய் நடந்த கதைகள்

ஊர்சுற்றி:
பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸ்ல "ஃபிரெஞ்ச் ஃபிரைஸ்"னு கேட்டுட்டேன். அங்க அதுக்கு "ஃபிரீட்"னு பேர். கடைக்காரர், "இங்க ஃபிரீட்தான். ஃபிரெஞ்சு வேணும்னா எல்லையைத் தாண்டணும்"னார். ஏற்கெனவே ஒருதடவை பொரிச்சு, வெளிறிப்போய் தட்டுல ஆறிக்கிட்டிருந்த உருளைக்கிழங்குத் துண்டுகளை ரெண்டு கை அள்ளி மறுபடி சட்டியில போட்டார். முதல் பொரிப்பு 150 டிகிரி பக்கம், உள்ள வேகறதுக்கு. ரெண்டாவது 180ல, மேல மொறுமொறுப்பாகறதுக்கு. கூடையைத் தூக்கி உதறினப்போ காய்ஞ்ச சருகு மாதிரி சலசலன்னுச்சு. காகிதக் கூம்புல கொட்டி, மேல மயோனைஸ். அடடா!

பாதிக் கூம்பு காலியானப்புறம்தான் என்ன எண்ணெய்னு கேட்டேன். மாட்டுக்கொழுப்பாம். அங்க அதுதான் பழைய வழக்கம். சைவக்காரங்க முதல்லயே கேட்டுக்குங்க, என்னை மாதிரி முழிக்காதீங்க.

பனிக்காலம்:
கனடாவுல, மான்ட்ரியல்ல பூட்டீன் சாப்பிட்டேன். ஃபிரைஸ் மேல சீஸ் கட்டி, அது மேல சூடான கிரேவி. 1950கள்ல அங்க கியூபெக் மாகாணக் கிராமப்புறத்துல பிறந்த பண்டம். சீஸைக் கடிச்சதும் பல்லுல கீச்சுன்னுச்சு. கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கினேன். பக்கத்து மேசைப் பாட்டி, "கீச்சுன்னாதான் புதுசு"ன்னாங்க. சீஸ் சரி, கிரேவியில ஊறின ஃபிரைஸை மட்டும் என்னால மன்னிக்க முடியல.

பழங்கணக்கு:
ஊர்சுற்றி, உங்க கடைக்காரர், ஃபிரைஸ் பெல்ஜியத்துலதான் பிறந்துச்சுங்கற அந்த மியூஸ் ஆத்துக் கதையைச் சொல்லலையா? 1680ல ஆறு உறைஞ்சு மீன் கிடைக்காம, ஆத்தங்கரை நாமூர் ஊர்க்காரங்க உருளைக்கிழங்கை மீன் மாதிரி வெட்டிப் பொரிச்சாங்களாம். எனக்கு ஒரு வழிகாட்டி சொன்னார். நானும் வாயைப் பிளந்து கேட்டேன். அப்புறம் பார்த்தா, அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு வந்ததே 18ஆம் நூற்றாண்டுலதான்! பாரிஸ்காரங்களோ பான் நெஃப் பாலத்து மேல வித்ததுதான் முதல்னு சொல்றாங்க. பேர்ச் சண்டை அமெரிக்காவையும் விடல. 2003ல இராக் போரை பிரான்ஸ் எதிர்த்ததுக்காக நாடாளுமன்ற உணவகத்துலயே "ஃபிரீடம் ஃபிரைஸ்"னு மாத்தி, 2006ல சத்தமில்லாம பழைய பேருக்கே வந்துட்டாங்க.

அடுப்படி:
நெதர்லாந்துல "போர்"னே (யுத்தம்தான்!) ஒரு வகை ஃபிரைஸ் இருக்கு: மேல மயோனைஸ், வேர்க்கடலை சாஸ், வதக்காத வெங்காயம். மூணும் என் வெள்ளைச் சட்டையில. ஊர்சுற்றி சொன்ன ரெண்டு பொரிப்பை வீட்டுல பண்ணினேன். உள்ள வேகறதுக்குள்ள மேல கறுத்துப்போச்சு. எதனால?

ஊர்சுற்றி:
கிழங்கை ஃபிரிட்ஜ்ல வச்சிருந்தீங்களா? குளிர்ல மாவுச்சத்து சர்க்கரையா மாறும், சீக்கிரம் கருகும். வெளியவே வைங்க.

அடுப்படி:
ஆமா, ஒரு வாரமா உள்ளதான் கிடந்துச்சு!